70 வளைவு ஏறிய காரின் உள்ளே

காரவள்ளியைத் தாண்டியதும் கொல்லிமலைச் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளாக மேலே ஏறுகிறது. வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருக்கிறார்கள். காரில் வரும் பிள்ளைகள் முதலில் உற்சாகமாக உரக்க எண்ணுவார்கள். முப்பதுக்கு மேல் குரல் தேயும். நாற்பதைத் தாண்டும்போது பின் சீட்டிலிருந்து, "அப்பா, வண்டிய நிறுத்து" என்று ஒரு முனகல் கேட்கும். வளைவில் நிறுத்த இடம் இருக்காது. இடம் கிடைக்கும்போது நேரம் கடந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்தக் காருக்கு என்ன நடக்கிறது? நாமக்கல்லில் வாடகைக் கார் ஓட்டும் நண்பரிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது அவர் சிரித்தார். "தேவனூர் நாட்டுல ஒருத்தர் இருக்காரு. அவரு இல்லைன்னா என் வண்டிய எப்பவோ வித்திருப்பேன்" என்றார். அடுத்த சவாரியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்.

கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று எல்லாமே நாடுகள்தாம். தேவனூர் நாடும் அவற்றில் ஒன்று. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. கீழே காபிச் செடிகள், இடையிடையே பலா, சரிவுகளில் வாழையும் அன்னாசியும். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே இருக்கும் இந்த மலையில் மதியம்கூட மூட்டம் இறங்கிவிடும். சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, கயிற்றில் காயும் கார் மேட்டுகள். பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. ஐம்பதை ஒட்டிய வயதுடையவர் ஒரு காரின் பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, முழங்காலால் அதை அழுத்திக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே மடித்த பனியன் துணி இருந்தது. துணியை எடுத்து, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஈரம் இருந்திருக்க வேண்டும். மறுபடி அழுத்தத் தொடங்கினார்.

வெளியே கழுவுவதும் உள்ளே சுத்தம் செய்வதும் ஒரே வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இவர் அதை ஏற்பதில்லை. "வெளியில எவ்வளவு தண்ணி ஊத்துறமோ அவ்வளவு நல்லதுங்க சார். உள்ள ஒரு சொம்பு ஊத்தினாலும் அது நமக்கு எதிரி. உள்ள போற தண்ணிக்கு வழி தெரியும், வெளிய வர வழி தெரியாதுங்க."

பழைய ஜீப்புகளில் இந்தச் சிக்கல் கிடையாது. தரை வெறும் தகரம், அதில் தண்ணீர் வடிய ஓட்டை, இருக்கை ரெக்சின். பலாப்பழம் ஏற்றினாலும் ஆடு ஏற்றினாலும் குழாயைத் திருப்பி உள்ளே பீய்ச்சிவிட்டு வெயிலில் நிறுத்தினால் போதும். இன்றைய காரில் கார்ப்பெட்டுக்கு அடியில் சத்தத்தைத் தடுக்கும் தடித்த விரிப்பு கிடக்கிறது. முன் சீட்டுகளுக்கு அடியில் ஒயர்கள் ஓடுகின்றன. 2019 ஜூலையிலிருந்து இந்தியாவில் விற்கும் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. பிறகு பக்கத்து இருக்கைக்கும் வந்தது. சில கார்களில் சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கிறது. அந்த ஒயர்களின் கனெக்டர்கள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சளைக் கண்டால் இவர் கை தானாக ஒதுங்குகிறது. கீழே வாட்டர் சர்வீஸில் யாரோ பையன் பிரஷர் கன்னை உள்ளே காட்டிவிட்டதால், டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தபடி மலையேறி வந்த வண்டிகளை இவர் பார்த்திருக்கிறார்.

வாந்தி விஷயத்துக்கு வருவோம். முகம் சுளிப்பவர்கள் சில பத்திகள் தாண்டிப் போகலாம்.

காதுக்குள்ளே மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. வளைவில் கார் திரும்புவதைக் காது உணர்கிறது. முன் சீட்டின் முதுகையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. இந்தச் சண்டையில் அடி வாங்குவது வயிறு. அதனால்தான் ஓட்டுகிறவருக்குக் குமட்டல் அரிது, பின் சீட்டில் கைப்பேசி பார்க்கும் பிள்ளைக்கு உறுதி. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வரும் பாட்டிகள் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள் என்பது இவர் கணக்கு. எனக்கென்னவோ, அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வருவதுதான் காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

கார் வந்து நின்றதும் இவர் முதலில் செய்வது எதையும் துடைக்காமல் இருப்பது. துடைத்தால் துணி வழியாக உள்ளே இறங்கும். பழைய ஏடிஎம் அட்டை ஒன்றால் மேலே கிடப்பதை வழித்தெடுக்கிறார். ரப்பர் மேட்டில் இருந்தால் அடுப்புச் சாம்பலைத் தூவுகிறார். சாம்பல் ஈரத்தையும் உறிஞ்சும், காரத்தன்மை உள்ளதால் வயிற்று அமிலத்தையும் அடக்கும். துணி சீட்டில் சாம்பல் கறையாகிவிடும் என்பதால் அங்கே சமையல் சோடா. பிறகு பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்கிறார். வெந்நீர் கூடவே கூடாது. சூட்டில் புரதம் உறைந்து நூலிழையோடு ஒட்டிக்கொள்ளும். பாலுக்கும் இரத்தத்துக்கும் இதே விதிதான். முட்டைக்கும்கூட. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் இருந்து வரும் வண்டிகளில், டிக்கியில் அட்டை கவிழ்ந்து உடைந்த முட்டை ஒன்றும் அபூர்வமில்லை. யாராவது நல்லெண்ணத்தில் சுடுதண்ணீர் ஊற்றிவிட்டு வந்தால் இவருக்கு வேலை இரட்டிப்பு.

சீட் பெல்ட்டைப் பலரும் மறந்துவிடுவார்கள் என்றார். மேலே தெறித்ததோடு பெல்ட் உள்ளே சுருண்டுவிட்டால், அந்த உருளைக்குள் நாற்றம் குடியேறும். ஆகவே பெல்ட்டை முழுநீளத்துக்கும் இழுத்து, உள்ளே போகாதபடி கிளிப் போட்டுவிட்டுத்தான் துடைக்கிறார். காய்ந்த பிறகே விடுவிக்கிறார். கையில் உறை கிடையாது, பாலித்தீன் பையைச் சுற்றிக்கொள்கிறார். வயிற்றுப்போக்குக் கிருமிகள் இந்த வழியாகவும் பரவும் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் பையை இன்னொரு சுற்று சுற்றினார்.

ஷாம்பு போட்டுத் தேய்க்கும் பகுதி எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. காய வைப்பதில்தான் இந்த மலையின் கதை இருக்கிறது.

சீட்டுக்குள் இருக்கும் ஃபோம், சாம்பாரில் போட்ட இட்லி மாதிரி நீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. சமவெளியில் கதவைத் திறந்துவிட்டு வெயிலில் நிறுத்தினால் ஒரு பகலில் காயும். இங்கே காற்றிலேயே ஈரம். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் துணியிலும் தோலிலும் பூஞ்சைக்கு வசதி. மழைக் காலத்தில் மூடியே கிடக்கும் காருக்குள் ஸ்டீயரிங்கிலும் பெல்ட்டிலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஈரம் மலையில் ஏறுகிறது. நாற்றம் மலையில் தெரிவதில்லை. குளிரில் வாடை அவ்வளவாக எழும்பாது. கண்ணாடியைத் திறந்துவைத்து மூட்டத்தை ரசித்து, நனைந்த காலோடு உட்கார்ந்து, மாலையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். மறுநாள் நாமக்கல் வெயிலில் கதவைத் திறக்கும்போதுதான் ஆளைத் தள்ளுகிறது. உடனே முந்தின நாள் வளைவில் வாந்தி எடுத்த பிள்ளை மேல் பழி விழுகிறது. பாதி நேரம் குற்றவாளி மேட்டுக்கு அடியில் தேங்கிய அருவித் தண்ணீர். ஆகாய கங்கையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கிக் குளித்துவிட்டு, மறுபடி ஏறி வந்து, சொட்டச் சொட்டக் காரில் உட்காருகிறவர்களுக்கு ஒரு துண்டை விரிக்கவும் தெம்பு இருப்பதில்லை.

இவர் இந்தத் தொழிலுக்கு வந்தது காரால் அல்ல, லாரியால். பள்ளிப் படிப்பு நின்றதும் மலையிலிருந்து இறங்கி நாமக்கல்லில் ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கும் ஊர் அது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகைதான் படுக்கை. வட இந்தியாவுக்குப் போய்த் திரும்பும் வரை அந்தக் கேபின்தான் வீடு. சமைத்த புகை, பீடி, வியர்வை, டீசல் எல்லாம் சேர்ந்த கேபினை ஊர் திரும்புவதற்குள் மணக்க வைப்பது கிளீனர் பொறுப்பு. "ஓனர் கதவத் திறந்ததும் மூக்கச் சுளிச்சா எனக்கு அடி, டிரைவருக்குத் திட்டு." சில வருடங்களில் முதுகு வலி. லாரியை விட்டுவிட்டு ஒரு குஷன் கடையில் உட்கார்ந்தார்.

குஷன் கடையில் கற்றதுதான் இன்றும் சோறு போடுகிறது. சீட்டைக் கிழித்துப் பார்த்தவருக்குத்தானே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அம்பாசிடர் காலத்துச் சீட்டுகளில் ஸ்பிரிங்கும், அதன் மேல் ரப்பர் பால் தெளித்துக் கெட்டியாக்கிய தென்னை நாரும் இருந்தன. நார் நனைந்தாலும் காற்று புகுந்து காய்ந்துவிடும். ஆனால் நொறுங்கி, கால்சட்டையைக் கிழிக்கும். அந்த இடத்தை பாலியூரித்தேன் ஃபோம் பிடித்தது. சொகுசு கூடியது, காய்வது குறைந்தது. அம்பாசிடர் தயாரிப்பு 2014இல் நின்றது. நார்ச் சீட்டைத் தைக்கத் தெரிந்தவர்கள் அதற்கு முன்பே வேறு வேலை தேடிக்கொண்டார்கள். இப்போது கம்பெனி சீட் கவர்கள் அளவெடுத்து, தைத்து, பெட்டியில் வருகின்றன. மாட்டிவிட ஒரு பையன் போதும். குஷன் கடைக்காரர் கடையைச் சுருக்கியபோது இவர் ஊசியையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு மலையேறினார். சுற்றுலாக் கார்கள் கூடிக்கொண்டிருந்த நேரம் அது.

கொட்டகையில் எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக நிற்பது வேக்கம் கிளீனர். நீல நிற டிரம், சக்கரம் ஒன்று உடைந்து அதற்குப் பதிலாக மரக்கட்டை. தூசியையும் தண்ணீரையும் இழுக்கும் வகை. பழையதாக வாங்கி, மோட்டாருக்குக் காயில் கட்டி, குழாய்க்கு சைக்கிள் ட்யூப் சுற்றி ஓட்டுகிறார். வேறு யாரும் அதைத் தொட முடியாது. மனைவி கொட்டகையைப் பெருக்கும்போதுகூட அதை நகர்த்தக் கூடாதாம்.

இந்தக் கருவியின் பிறப்பே ஒரு நாற்காலி இருக்கையில்தான். லண்டனில் ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் ஓர் இயந்திரத்தின் செயல்விளக்கத்தைப் பார்த்தார். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஓர் உணவகத்தில் இருக்கையின் துணிமேல் கைக்குட்டையை வைத்து, வாயால் உறிஞ்சிப் பார்த்தார். மூச்சுத் திணறியது, கைக்குட்டையின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. 1901இல் காப்புரிமை பெற்றார். அந்த முதல் இயந்திரம் குதிரை வண்டியில் வரும், தெருவில் நிற்கும், நீண்ட குழாய்கள் சன்னல் வழியே வீட்டுக்குள் போகும். கையால் தள்ளும் சிறிய வேக்கத்தை உருவாக்கியவர் பெரிய பொறியாளர் அல்ல. அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு கடையைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர் என்ற ஆஸ்துமா நோயாளி. தூசி தாங்காமல் அவரே செய்துகொண்ட கருவி அது. 1908இல் காப்புரிமை வாங்கினார். உரிமையை விலைக்கு வாங்கிய ஹூவர் குடும்பத்தின் பெயர்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

இந்தக் கதையைச் சொன்னதும் இவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பெருக்குறவன் செஞ்சதுங்களா?" என்று இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டார். கைக்குட்டைக் கதையில் அவருக்கு அத்தனை ஆர்வம் இல்லை.

துணி விஷயத்தில் இவருக்குப் பிடிவாதம் உண்டு. கடைகளில் மைக்ரோஃபைபர் துணி கிடைக்கிறது. அதன் இழை மிக மெல்லியது. தூசியைத் தள்ளாமல் தன்னுள் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக்கும் தொடுதிரைக்கும் அதைப் பயன்படுத்துகிறார். மற்ற எல்லாவற்றுக்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான். பின்னலாடைக் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை மூட்டையாகக் கட்டி எடைக்கு விற்கிறார்கள். தமிழ்நாட்டில் எந்த மெக்கானிக் கடைக்குப் போனாலும் அந்தக் கலர் துண்டுகள் கிடக்கும். பருத்தி நீரை நன்றாக உறிஞ்சும், அழுக்கானால் தூக்கிப் போடலாம், விலையும் கட்டுப்படியாகும். சாயம் போகும் சிவப்பையும் கருநீலத்தையும் பொறுக்கித் தனியே வைக்கிறார்; அவை டயருக்கு.

மலை சார்ந்த கறைகளுக்கென்றே இவரிடம் தனி வைத்தியம் இருக்கிறது. பலாச் சுளையை காருக்குள்ளேயே பிரித்துத் தின்பவர்கள் கதவுக் கைப்பிடியில் பால் பூசிவிட்டுப் போவார்கள். அது சோப்புக்கு அசையாது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் உருண்டு வந்துவிடும். பலா அறுக்கும் முன் கையில் எண்ணெய் பூசும் அதே சூத்திரம். சீட் துணியில் என்றால் எண்ணெயே கறையாகும், அதைப் பாத்திரம் துலக்கும் சோப்பால் எடுக்க வேண்டும். சேற்றை ஈரத்தோடு தொடவே கூடாது. நன்றாகக் காயவிட்டு, தட்டி, வேக்கம் போட வேண்டும். அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து வரும் வண்டிகளில் குங்குமம் கொட்டிக் கிடக்கும். மஞ்சளில் செய்த அசல் குங்குமமானால் சோப்பு பட்டதும் இன்னும் சிவக்கும், காரம் பட்டால் மஞ்சள் சிவப்பது இயல்பு. அதைச் சோப்பு போடாமல் வெயிலுக்குக் காட்டினால் தானே வெளிறும். மாசி பெரியசாமி கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வருகிறவர்கள் ஆட்டுக்கிடாவை டிக்கியில் ஏற்றிவருவது தனிக் கதை. போகும்போது கிடா இல்லை. அது இருந்ததற்கான சாட்சியங்கள் எல்லாம் டிக்கியில் பத்திரமாக இருக்கும்.

டேஷ்போர்டு பளபளக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் இவர் மல்லுக்கட்டுகிறார். சிலிக்கோன் பாலிஷ் பூசினால் முதல் நாள் கண்ணாடி மாதிரி மின்னும். பிறகு அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டும். வெயிலில் ஆவியாகி முன் கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலாகப் படியும். புதுக் காரில் பாலிஷ் பூசாமலேயே இது நடக்கும். பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த வேதிப்பொருள்கள் சூட்டில் வெளியேறிக் கண்ணாடியில் படிகின்றன. மலை வளைவில் எதிர் வண்டியின் விளக்கு அந்தப் படலத்தில் பட்டால் சாலையே தெரியாது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தடைசெய்த பிறகு, நிறுத்திவைத்த கார்களின் உட்புறம் வெயிலை அதிகமாகவே வாங்குகிறது. அதற்கு அட்டை மறைப்பு போதும் என்பது இவர் தீர்ப்பு.

இனி பணம். டிராவல்ஸ்காரர்கள் பலர் முன்பதிவு செய்யும்போதே, வாந்தி எடுத்தால் கிளீனிங் சார்ஜ் தனி என்று சொல்லிவிடுகிறார்கள். நியாயம்தான். பயணியும் கூச்சத்தில் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்; பிள்ளை அசுத்தம் செய்த இடத்தில் யாரும் பேரம் பேசுவதில்லை. அந்தப் பணம் டிராவல்ஸ் அலுவலகத்துக்குப் போகிறது. அங்கிருந்து டிரைவருக்கு, டிரைவரிடமிருந்து இவருக்கு. பயணியிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்று இவருக்குத் தெரியாது. கேட்டால் அடுத்த வண்டி வராது. தங்கும் விடுதிகள் அனுப்பும் கார்களிலும் இதே வழக்கம், அங்கே வாசலில் நிற்பவருக்கும் ஒரு பங்கு. நாற்றத்தில் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருப்பவர் ஒருவர், அந்த நாற்றத்துக்கு விலை வைப்பவர்கள் வேறு மூன்று பேர். மிளகு விற்கும் மலைக்காரர் சந்தை விலை தெரியாமல் வியாபாரியிடம் மூட்டையை இறக்கிய காலத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. அதே கணக்கு இப்போது கார் சீட்டில் நடக்கிறது. ஒரு ரசீது, அதில் வேலை செய்தவர் வாங்கிய கூலி என்று ஒரு வரி. இவ்வளவு கேட்பது பேராசையா?

நான் கொதித்த அளவுக்கு இவர் கொதிக்கவில்லை. "டிரைவர் தம்பிங்களும் கடன்ல வண்டி ஓட்டுறவங்கதானுங்க" என்றார். தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் தானியங்கி மோட்டார் வாகனம் பழுதுபார்ப்பவர்களுக்கும் நல வாரியம் இருக்கிறது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும் வாரியம் உண்டு. எதிலும் இவர் பதிவு செய்யவில்லை. ஓட்டுவதும் இல்லை, பழுது பார்ப்பதும் இல்லை, எந்தப் பெட்டியில் தன்னை எழுதுவார்கள் என்பது இவர் கேள்வி. பாடி கட்டும் பட்டறையில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்றும் சொன்னார்.

ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா. அரசே நடத்தும் விழா என்பதால் மலை முழுக்க வண்டிகளாக இருக்கும். அந்த வாரம் அக்கா மகனைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார். அன்றும் அவன் வந்திருந்தான்; என் நண்பரின் காரில் ஏசி துவாரங்களைச் சின்ன பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தான். வாசனைத் திரவியம் வேண்டும் என்று நண்பர் கேட்டதற்கு மாமன் பதில் சொல்வதற்குள் அவனே சொன்னான்: "சென்ட் அடிச்சா நாத்தம் போவாதுண்ணா, ரெண்டும் சேந்து நாறும். ஊருக்குப் பத்து நிமிசம் இருக்கறப்ப ஏசிய அமத்திட்டு ஃபேன மட்டும் ஓட விடுங்க. உள்ள இருக்கற கூலிங் காயில் காஞ்சிரும்." மாமன் திருத்தவில்லை.

அப்போது ஒரு சன்ரூஃப் கார் வந்து நின்றது. பிள்ளைகள் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வளைவுகளை எண்ணியிருக்கிறார்கள், நடுவில் மழை. கூரைத் துணி நனைந்து தொங்கியது. அதைத் தட்டையாகத் திரும்ப ஒட்டுவது குஷன் வேலை, அது இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிரச்சினை வேறு. சன்ரூஃப் சட்டத்தின் மூலைகளிலிருந்து தூண்களுக்குள் ஓடும் மெல்லிய வடிகுழாய்களில் சில்வர் ஓக் சருகு அடைத்து, தண்ணீர் உள்பக்கமாகவே இறங்கியிருந்தது. கம்பி விட்டால் குழாய் கிழியும். காற்றடித்தால் உள்ளேயே இணைப்பு கழன்றுவிடும். இவர் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அக்கா மகனைக் காபித் தோட்டத்துக்கு அனுப்பினார். அங்கே புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பு இருக்கும், மூன்று முழம் வாங்கி வா, நுனியைத் தீயில் காட்டி மொண்ணையாக்கிக் கொண்டு வா என்று. காரின் சொந்தக்காரர் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். "இந்த வேலைக்கு இன்னும் ரேட்டு வைக்கலீங்க சார்" என்றார் இவர்.